அப்பா ஏன் அந்த போனை வைக்கவில்லை? அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது பற்றி ஒரு கேள்வி

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்) | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்க அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. அம்மா தவறிய பிறகு மஞ்சக்குப்பம் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் வேலைக்காகப் புதுச்சேரியில். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவருக்கு ஒரு அழைப்பு. "உங்க ஆதாரை வச்சு எடுத்த சிம்முல பண மோசடி நடந்திருக்கு" என்று ஆரம்பம். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் வீடியோ. காக்கிச் சட்டை, பின்சுவரில் ஒரு முத்திரை, மேசையில் கோப்புக் கட்டு. "நீங்க டிஜிட்டல் கைதுல இருக்கீங்க. கேமராவை அணைக்கக் கூடாது. பெத்த பொண்ணா இருந்தாலும் பேசக் கூடாது."

வியாழன் மதியம் வரை அப்பா அந்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்டிருக்கிறார். நடுவில் வங்கிக்குப் போய், சட்டைப்பையில் கேமரா ஓடிக்கொண்டிருக்க, டெபாசிட்டை உடைத்து 11 லட்சத்து 40 ஆயிரம் அனுப்பியிருக்கிறார்.

முடிந்தது எப்படி என்றால், கேட்டில் இரண்டு நாள் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்து எதிர்வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டினார். திறக்கவே பத்து நிமிஷம். உள்ளே வந்து போனைப் பார்த்து, "யாருங்க இவன்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா போனை வைத்துவிட்டார்.

பணத்தைப் பற்றிக் கேட்க வரவில்லை. அப்பா யாருக்கும் வளைந்தவர் இல்லை. அட்மிஷனுக்காக உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆள் அனுப்பியபோது, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார். பல்லவ அரசன் கூப்பிட்டும் பணியாமல், கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் நம்ம ஊரில் கரையேறிய அப்பர் கதையைச் சொன்னால், வகுப்பு முழுக்க அசையாமல் கேட்கும் என்பார்கள் அவரிடம் படித்தவர்கள். அப்படிப்பட்டவர் ஏன் உட்கார்ந்தார்? "படிச்ச மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உளவியல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

முதுநகர் வாசி | ஞாயிறு, இரவு 9.58

மனசு கஷ்டமா இருக்கும்மா. சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு போன் பண்ணீங்களா? டிஜிட்டல் கைதுன்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலியில சொன்னார். அப்பாகிட்ட இதை அடிக்கடி சொல்லுங்க.

---

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 10.05

அன்றைக்குச் சாயங்காலமே சொன்னோம் அண்ணா. போன பணத்தில் கொஞ்சத்தை முடக்கியிருக்கிறார்கள். இதில் ஒன்று: அந்த வானொலிச் செய்தியை அப்பாவும் பேப்பரில் படித்திருக்கிறார். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் எனக்குப் புரியவில்லை.

---

சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம்) | ஞாயிறு, இரவு 11.20

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான், ஆனால் இன்றைக்கு உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1961. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று சொல்லி ஊர்க்காரர்களை அழைத்தார். நாலரை டாலர் கூலி. வந்தவருக்குக் கொடுத்த வேடத்தின் பெயரே 'ஆசிரியர்'. அடுத்த அறையில் 'மாணவர்'. மாணவர் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். தயங்கினால், கூடவே அறையில் இருக்கும் ஆய்வாளர் தொடரச் சொல்லி உத்தரவு போடுவார். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை, பதினைந்து பதினைந்தாக ஏறும் 30 விசைகள். உண்மையில் மின்சாரம் கிடையாது, மாணவர் நடிப்பவர். ஆசிரியராக வந்தவருக்கு அது தெரியாது.

எத்தனை பேர் கடைசி விசை வரை போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டியே கேட்டார். ஆயிரத்தில் ஒருவர் போவார் என்பது அவர்கள் கணிப்பு. முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் போனார்கள். அதாவது 65 சதவீதம்.

இந்த எண் எல்லாருக்கும் தெரியும். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதைப் பலர் சொல்வதில்லை. அந்த 26 பேர் நிம்மதியாக விசையைத் தட்டவில்லை. வியர்த்துக் கொட்டியது, திக்கினார்கள், சம்பந்தமில்லாமல் சிரித்தார்கள், நிறுத்தலாமா என்று கெஞ்சினார்கள். கெஞ்சிக்கொண்டே அடுத்த விசையைத் தட்டினார்கள். மனம் 'வேண்டாம்' என்கிறது, கை செய்கிறது. உங்கள் அப்பா தெரிந்தேதான் உட்கார்ந்தார் என்றீர்களே, அந்த இடம் இதுதான். தெரிவது வேறு, எழுந்து போவது வேறு.

மில்கிராம் சொன்ன காரணம்: ஒருவரை அதிகாரி என்று ஏற்றுக்கொண்ட நொடியில் மனிதன் தன்னை அவருடைய கருவியாகப் பார்க்கத் தொடங்குகிறான். 'இது சரியா' என்று கேட்டுக்கொண்டிருந்த மனம் 'சொன்னதைச் சரியாகச் செய்கிறேனா' என்று கேட்க ஆரம்பிக்கிறது. கடமை உணர்ச்சி உள்ளவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் பலமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, படிகள். எடுத்த எடுப்பில் 450 வோல்ட் கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பில் 11 லட்சம் அனுப்பு என்றிருந்தால் அப்பா சிரித்திருப்பார். முதலில் ஆதாரின் கடைசி நாலு எண். பிறகு, கதவைச் சாத்துங்கள். பிறகு, எந்தெந்த வங்கியில் கணக்கு. 30ஆவது விசையை மறுக்க வேண்டுமென்றால், 29ஐ ஏன் தட்டினாய் என்று உங்களுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

---

தேவனாம்பட்டினம் அலை | திங்கள், காலை 6.15

சார், ஒரு சந்தேகம். உத்தரவு போடுறவன் போன்ல இருந்தா பணியறது குறையும்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். இங்க எல்லாமே போன்லதானே நடந்துச்சு?

---

சுண்ணாம்பாறு | திங்கள், காலை 7.02

நல்ல கேள்வி, ராத்திரியே எழுதியிருக்க வேண்டியது. மில்கிராம் சூழ்நிலையை மாற்றி மாற்றிப் பல தடவை நடத்தினார். உத்தரவு போடுபவர் அறையை விட்டு வெளியே போய்த் தொலைபேசியில் சொன்னபோது, 65 சதவீதம் ஏறக்குறைய 21 ஆக விழுந்தது. சிலர் குறைந்த வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, கூட்டிக் கொடுத்ததாகப் போனில் பொய் சொன்னார்கள்.

ஆக, போனில் உத்தரவு போடுகிறவன் பலவீனமானவன். மோசடிக் கும்பல் மில்கிராமைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை, தொழிலிலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் "கேமராவை அணைக்காதே". வீடியோ ஓடுகிறவரை அவன் அந்த அறையில் இருக்கிறான். பாத்ரூமுக்கு அனுமதி கேட்க வைப்பதும் அதற்குத்தான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவனுடைய பதவியை நாமே உறுதி செய்கிறோம்.

"யாரிடமும் பேசாதே" என்பது அடுத்தது. மில்கிராமின் இன்னொரு மாற்றத்தில் ஆசிரியர் பக்கத்தில் மேலும் இரண்டு 'ஆசிரியர்கள்', அவர்கள் நடிப்பவர்கள். அந்த இருவரும் நடுவில் 'எங்களால் முடியாது' என்று விலகியதும், 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர் மட்டும். அவர் செய்த மாற்றங்களில் கீழ்ப்படிதலை இவ்வளவு உடைத்தவை சிலவே. எதிர்வீட்டு அத்தை செய்தது அதைத்தான். அவர் எதையும் விளக்கவில்லை, சட்டம் பேசவில்லை. பக்கத்தில் நின்று "யாருங்க இவன்?" என்றார்.

---

இரவுப் பணி (புதுச்சேரி) | திங்கள், மதியம் 2.30

நான் 19 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பெரிய டாக்டர் போன்ல ஒரு தூக்க ஊசி சொன்னார். நான் வழக்கமா போடுற அளவுக்கு ரெண்டு மடங்கு. "சார், ரெண்டு ஆம்பூலா சார்?"னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "சரிங்க சார்"னுதான் வெளிய வந்துச்சு. ஆம்பூலோட கழுத்தை உடைக்கறப்ப கை நடுங்கி விரல்ல கீறிடுச்சு. பஞ்சை சுத்திக்கிட்டு ரெண்டாவதையும் உடைச்சேன். போட்டேன். அந்தப் பாட்டி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு விடியற வரைக்கும் மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல. காலையில வந்த டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, "ஒண்ணுன்னுதான சொன்னேன்"னார்.

அவர் சொன்னது தப்பா, என் காதுல விழுந்தது தப்பா, இன்னி வரைக்கும் தெரியாது. எனக்குச் சந்தேகம் வந்ததும் நான் கேக்காததும் மட்டும் தெரியும்.

ட்ரெயினிங்ல இதுக்கு ஒரு ஆய்வு சொல்லித் தந்தாங்க. 1966ல ஹாஃப்லிங்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல செஞ்சது. முன்பின் தெரியாத ஒருத்தர் டாக்டர்னு சொல்லிக்கிட்டு போன்ல 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்லுவார். டப்பாமேலயே ஒரு நாளைக்கு 10தான் அதிகபட்சம்னு எழுதியிருக்கும். 22 நர்ஸ்ல 21 பேர் கொடுக்கக் கிளம்பிட்டாங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி தடுத்துட்டாங்க. அப்புறம் 1977ல வேற ரெண்டு பேர் திரும்பச் செஞ்சாங்க. இந்தத் தடவை நர்ஸுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மருந்து, கூட வேலை செய்யறவங்ககிட்ட கலந்து பேசவும் வழி இருந்துச்சு. 18 பேர்ல 16 பேர் கொடுக்கல.

அதே நர்ஸ் வேலைதான், அதே டாக்டர் குரல்தான். பக்கத்துல கேக்க ஆள் இருந்துச்சு, மருந்தும் தெரிஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப எனக்குக் கீழ வர்ற பொண்ணுங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான்: போன்ல கேட்டதைப் பக்கத்துல இருக்கறவ காதுல விழற மாதிரி சத்தமா திருப்பிச் சொல்லு.

உங்க அப்பாகிட்ட, ஒரு நர்ஸ் விடிய விடிய ஸ்டூல்ல உக்காந்திருந்தான்னு சொல்லுங்கம்மா.

---

கெடிலக்கரை | திங்கள், மாலை 6.10

அக்கா, சொன்னேன். எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாட்டி நல்லா இருந்தாங்களாமா?" என்று கேட்டார்.

---

மாற்றுக் கருத்து (நெல்லிக்குப்பம்) | திங்கள், இரவு 8.45

எல்லாரும் மில்கிராமை வேதவாக்காக எடுத்துக்கொள்வதால் இதை எழுதுகிறேன். கெடிலக்கரையின் அப்பாவைக் குறைவாகப் பேசும் எண்ணம் துளியும் இல்லை.

ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜீனா பெர்ரி யேலில் இருக்கும் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். உத்தரவு போட்டவர் எழுதி வைத்த வாக்கியங்களோடு நிற்காமல் பல இடங்களில் வற்புறுத்தியிருக்கிறார். இது நாடகம்தானோ என்று சந்தேகப்பட்டவர்களும் நிறைய. அதனால் 65 என்ற எண்ணைக் கல்வெட்டாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியமானது: தயங்கியவர்களிடம் சொல்வதற்கு நாலு வாக்கியங்கள் வைத்திருந்தார்கள். முதலாவது 'தயவுசெய்து தொடருங்கள்'. இரண்டாவது, சோதனைக்கு நீங்கள் தொடர்வது தேவை. மூன்றாவது, தொடர்வது மிகமிக அவசியம். நாலாவதுதான் அப்பட்டமான உத்தரவு: 'உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.' ஜெர்ரி பர்கர் 2009இல் 150 வோல்ட்டோடு நிறுத்தி மறுபடி செய்து பார்த்தார். 150ஐத் தாண்டத் தயாராக இருந்தவர்கள் 70 சதவீதம். ஆனால் அந்த நாலாவது வாக்கியத்தைக் கேட்கும் நிலைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை.

கீழ்ப்படிதல் என்றால் உத்தரவுக்குப் பயந்து அடங்குவது என்று வைத்துக்கொண்டால் இது புரியாது. உத்தரவு அப்பட்டமாக வந்தபோதுதான் மனிதர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். ஹாஸ்லம், ரைக்கர் என்ற இருவர் சொல்வது எனக்குப் பொருந்துகிறது. அவர்கள் கருவியாக மாறவில்லை. அறிவியல் என்ற நல்ல காரியத்தில் தாங்களும் பங்கெடுப்பதாக நம்பினார்கள். கூட்டாளியாக இருந்தார்கள். உங்கள் அப்பாவிடம் அந்த ஆள் மிரட்டல் மட்டும்தான் விட்டானா, இல்லை மரியாதையாகவும் பேசினானா? கேட்டுப் பாருங்கள்.

---

சிப்காட் ஃபிட்டர் (செம்மங்குப்பம் பக்கம்) | திங்கள், இரவு 10.30

கெமிக்கல் யூனிட்ல 22 வருஷம். கம்பெனி பேர் வேண்டாம்.

ஷட்டவுன் நேரம். ஒரு வெசலுக்குள்ள, அதாவது பெரிய மூடின தொட்டிக்குள்ள, எறங்கிக் கழுவணும். எறங்கறதுக்கு முன்னாடி உள்ள ஆக்சிஜன் எவ்வளவுன்னு மீட்டர் விட்டுப் பாக்கணும், 19.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா எறங்கக் கூடாது. அன்னிக்கு மீட்டர் வேற பிளாண்ட்டுக்குப் போயிருந்துச்சு. ஷிப்ட் இன்சார்ஜ் வந்து "நேத்துதான் பாத்தாச்சு, எறங்குங்கப்பா, டைம் ஆவுது"ன்னார். கெட்டவர் இல்ல, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வர்றவர். நாங்க நாலு பேர் மேன்ஹோலைச் சுத்தி நிக்கறோம். நாலு பேருக்கும் தப்புன்னு தெரியும். நான் பெல்ட்டை மாட்டிட்டேன்.

எங்ககூட கயிறு புடிக்க இருந்த வயசான கலாசி கயித்தைக் கீழ போட்டுட்டு, "மீட்டர் வராம நான் கயிறு புடிக்க மாட்டேன்யா"ன்னார். கத்தல, சண்டை போடல. அடுத்த நிமிஷம் நான் பெல்ட்டைக் கழட்டிட்டேன். இன்னொருத்தன் "ஆமா சார், வரட்டும் சார்"னான். இன்சார்ஜும் "சரி, வரட்டும்"னுட்டாரு. அவருக்கும் மேல இருந்து யாரோ நெருக்கியிருக்காங்க. மீட்டர் வந்து பாத்தா 17.

சார் சொன்ன அந்த நாலு பேர் கணக்கு எனக்குப் புரியுது. கலாசி இல்லாம இருந்திருந்தா நான் எறங்கியிருப்பேன். வாத்தியார் தனியா இருந்தார்மா. அவர்கூட கயிறு புடிக்க ஆள் இல்ல.

---

தேவனாம்பட்டினம் அலை | செவ்வாய், காலை 5.50

எல்லாம் சரி. ஆனா கீழ்ப்படியறதையே நோய் மாதிரி பேசறோமோன்னு தோணுது. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்ப எங்க குப்பத்துல வந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்கன்னாங்க. எங்க சித்தப்பா "எத்தனை புயல் பாத்திருக்கேன்"னு உக்காந்துக்கிட்டார். போலீஸ்காரர் கையைப் புடிச்சு ஏத்திட்டுப் போனார். 30ஆம் தேதி காலையில வந்து பாத்தா வீட்டுக்குக் கூரையே இல்ல. அன்னிக்கு காக்கிச்சட்டை சொன்னதைக் கேட்டதாலதான் அவர் இருக்கார். பசங்களுக்கு யார் சொன்னாலும் கேக்காதேன்னா சொல்லித் தர முடியும்?

---

சுண்ணாம்பாறு | செவ்வாய், காலை 8.20

முடியாது, கூடாது. கீழ்ப்படியாமல் ஒரு நாள்கூட ஊர் ஓடாது. புதுச்சேரியில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கையைக் காட்டினால் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். சீருடைக்கு மதிப்புக் கொடுக்கும் பழக்கம் நல்லது என்பதால்தான் அதைத் திருட ஆள் வருகிறான்.

உங்கள் சித்தப்பாவை வண்டியில் ஏற்றியபோது குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் 'யாரிடமும் சொல்லாதே' என்றா கூட்டிப்போனார்? எங்கே போகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் பதில் வரும். உண்மையான அதிகாரத்துக்குச் சாட்சி இருந்தால் பயமில்லை. வகுப்பில் நான் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன்.

மாற்றுக் கருத்து எழுதியதை ஏற்கிறேன். பயம் ஒன்றை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

---

கெடிலக்கரை | புதன், இரவு 9.15

உங்கள் எல்லாப் பதிவையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மில்கிராம் சோதனையில் வந்தவர்கள் கெஞ்சிக்கொண்டே தட்டினார்கள் என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

மரியாதையாகப் பேசினானா என்று கேட்டேன். "ரொம்ப மரியாதை. ஐயா, உங்கள மாதிரி ஆசிரியர்கிட்டதான் நாங்கல்லாம் படிச்சோம், உங்க பேர்ல களங்கம் இல்லன்னு நாங்களே கோர்ட்டுல எழுதிக் கொடுக்கறோம், நீங்க ஒத்துழைச்சா போதும்னான். நான் பயந்து உட்காரலம்மா. முதல் ரெண்டு மணி நேரம் பயம். அப்புறம் விசாரணைக்கு உதவி பண்றோம்னுதான் இருந்தது. இன்னும் நாலு பேர் ஏமாறாம இருக்க என் சாட்சியம் வேணும்னான்." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தான் என்று ஊர் சொன்னதைவிட, நம்பினேன் என்று சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இன்று காலை நான் கிளம்பும்போது தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அதே கரும்பலகைக் கையெழுத்து. அந்த மூன்று நாளில் அவன் கேட்டது ஒவ்வொன்றும், நேரத்தோடு. மொத்தம் 23 வரி. முதல் வரி: 'செவ்வாய் 10.30. என் பெயரைச் சரியாகச் சொன்னான்.' பதினொன்றாவது வரிக்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்.

அந்த வரி: 'புதன் 6.10. பால்காரர் மணி அடித்தார். திறக்காதீர்கள் என்றான். திறக்கவில்லை.'

வெள்ளிக்கிழமை ஓய்வூதியர் சங்கக் கூட்டம் இருக்கிறது. அங்கே அந்தத் தாள்களைப் படிக்கலாமா என்று என்னைக் கேட்டார். எதிர்வீட்டு அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார்.